திரும்பி வரவில்லை: சயாம் ரயிலுக்குப் போனவர்களுக்காக ஓர் ஊரில் வைத்த கல்

காவிரிக் கடைமடையில், திருத்துறைப்பூண்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் 2018 முதல் 2024 வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஏழு பேர் இருந்தோம், நான் அதில் ஒருவன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. சம்பந்தப்பட்டவர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். இப்படிக் கல் வைக்கும் வேலையில் இறங்க நினைக்கும் வேறு ஊர்க்காரர்கள் சிலர் எங்களிடம் விசாரித்ததால்தான் எழுதுகிறேன். நாங்கள் செய்த ஒரு பெரிய தப்பும் இதில் இருக்கிறது.

பின்னணி

எங்கள் பக்கத்தில் ‘பினாங்குக்காரர் வீடு’ இல்லாத ஊரே கிடையாது. பண்ணையாள் வேலை, கடன், பொய்த்த மழை எல்லாமாகச் சேர்ந்து துரத்த, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறியவர்கள் அவ்வளவு பேர். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயர் இன்றைக்கும் கிழவிகள் வாயில் புழங்குகிறது. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், மாதா மாதம் இல்லாவிட்டாலும் தீபாவளிக்காவது மணியார்டர் வந்துகொண்டிருந்தது.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு தபாலும் நின்றது, பணமும் நின்றது.

அப்புறம் நடந்தது ஊருக்குத் தெரிய நான்கு வருஷம் ஆனது. நம் ஆட்கள் சயாம் என்று சொல்லும் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இணைத்து முடித்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் இதில் வேலை செய்தார்கள், அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள், அதாவது தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். ‘மதிப்பிடுகிறார்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், யார் எப்போது செத்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். அதனால் இன்றைக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் ஆளுக்கொரு குழியில் கிடக்கிறார்கள். தோட்டத்திலிருந்து தினக்கூலி ஒரு வெள்ளி (மலாயா டாலர்), மூன்றே மாதம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போன கூலிக்குப் பேரேடு எழுத ஆளில்லை. காலராவில் செத்தவர்களை ஒரே குழியில் தள்ளினார்கள். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வந்தன. யாருடையது என்று யாரும் சொல்ல முடியவில்லை.

தகரப்பெட்டி

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. தெற்குத் தெருவில் கூரை பறந்த ஒரு வீட்டில், நனைந்த சாமான்களை வெயிலில் பரப்பியிருந்தார்கள். நிவாரண அரிசிக்குக் கணக்கெடுக்கப் போன எங்கள் பையன்களில் ஒருவன், கயிற்றுக் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பண நோட்டைப் பார்த்து நின்றிருக்கிறான். வாழை மரமும் குலையும் போட்ட நோட்டு. ஜப்பான்காரன் மலாயாவில் அடித்துவிட்ட பத்து வெள்ளி. 1945-ல் செல்லாக் காசாகிப்போன ‘வாழைமர நோட்டு’. அதே பெட்டியில் ஒரு கடிதமும் இருந்தது.

கடிதத்தை நானே கையில் வாங்கிப் படித்தேன். நான்காக மடித்து மடித்து மடிப்பில் இற்றுப்போன தாள், பென்சில் எழுத்து. 1946 ஜனவரி என்று தேதி. அந்த வீட்டிலிருந்து மலாயா போன மனிதரோடு ஒரே தோட்டத்தில் இருந்த ஒருவர், அந்த மனிதரின் தகப்பனாருக்கு எழுதியது. க்ஷேமம் விசாரித்துவிட்டு இரண்டே வரியில் விஷயத்துக்கு வருகிறார்: சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்குக் கொண்டுபோன நாற்பது பேரில் நாங்கள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம், உங்கள் மகன் எங்களோடு திரும்பி வரவில்லை, மற்றவை நேரில். எழுதியவர் கடைசிவரை ஊருக்கு வந்து சேரவில்லை. எனவே அந்த ‘மற்றவை’யும் வரவில்லை.

பெட்டிக்குச் சொந்தக்காரர் அந்த மனிதரின் மகள். 1937-ல் பிறந்தவர். தகப்பனார் கப்பலேறியபோது தாயின் வயிற்றில் இருந்தவர். கடிதம் வந்த நாளைப் பற்றித் தன் அம்மா சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார்தான் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம். படித்ததும், “வரலேன்னுதானே எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாராம். தாலியைக் கழற்றவில்லை. 1974-ல் அவர் இறந்தபோது, பூவும் பொட்டும் வைத்து எடுப்பதா கூடாதா என்று வாசலில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்திருக்கிறது. மகள் பிடிவாதமாக வைத்தே அனுப்பினார். ஊர் அதை ரொம்ப நாள் பேசியது.

நாங்கள் கவனித்தவை

இப்படிப் போய்த் திரும்பாதவர்கள் ஊரில் இன்னும் யார் யார் என்று கேட்டு, 2019 தை முதல் ஆடி வரை வீடு வீடாகப் போனோம். ஒரு நீளமான நோட்டு போட்டோம்: பெயர், தகப்பனார் பெயர், போன வருஷம், யார் சொன்னது, என்ன ஆதாரம். நிலமில்லாதவர் பெயர் அடங்கலிலும் சிட்டாவிலும் இருக்காது என்பதை முதல் வாரமே உணர்ந்தோம். கிடைத்ததெல்லாம் வாய்மொழிதான். அதிலும் பாதி பட்டப்பெயர்.

31 பெயர்கள் வந்தன. அவற்றில் 12 பேர் சயாமுக்குப் போகாதவர்கள், அல்லது போய்த் திரும்பியவர்கள். 5 பேரைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். மிச்சம் 14. அதில் 11 பேர் தெற்குத் தெரு.

ஏன் இத்தனை காலம் யாரும் இதைப் பேசவில்லை என்பதுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. திதி கொடுக்கத் தேதி இல்லை, சாம்பல் இல்லை, சரி. அதற்கு மேலும் ஒன்று இருந்தது, அது மெல்லத்தான் வெளியே வந்தது. 1948-ல் உயிரோடு திரும்பிய ஒருவரின் பேரன் சொன்னார்: தாத்தா மூங்கில் கொல்லைப் பக்கமே போகமாட்டார், காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கும், கேட்டால் நாய் கடித்தது என்பார். அந்தக் காட்டில் மூங்கில் கீறிய இடம் புண்ணாகி அழுகித்தான் பலர் காலை இழந்தார்கள் என்று பின்னால் படித்தோம். நாய் கடித்தது என்று சொன்னது வலிக்காக அல்ல, வெட்கத்துக்காக என்று நினைக்கிறேன். பண்ணையில் சவுக்கடி வாங்க முடியாமல் கடல் தாண்டியவர், அங்கேயும் அடி வாங்கி மண் சுமந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வார்?

இதன் இன்னொரு பக்கமும் வந்தது. ஒரு குடும்பம், தங்கள் பாட்டனார் நேதாஜி படையில் சேர்ந்து பர்மா எல்லையில் செத்தார் என்றது. தோட்டத் தமிழர்கள் நிறையப் பேர் அந்தப் படையில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் நேதாஜி சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்றது 1943 ஜூலையில். அந்தப் பாட்டனாரோடு போனவரின் வீட்டிலோ, அதற்கு முந்தைய மாசியிலேயே அவர் சயாம் முகாமில் வாந்திபேதியில் போய்விட்டார் என்றார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தால் கதை ஒட்டவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. கூலியாகச் செத்தவரைச் சிப்பாயாக மாற்றிக்கொண்டால்தான் வீட்டில் படம் மாட்ட முடிந்திருக்கிறது.

எங்கள் முதல் சறுக்கலும் இதே இடத்தில்தான். 2019 ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு ‘சயாம் மரண ரயில் தியாகிகளுக்கு வீரவணக்கம்’ என்று பிளெக்ஸ் அடித்துவிட்டோம். தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, அவங்க மண்ணு சுமந்து செத்தாங்க. மண்ணு சுமந்தாங்கன்னே போடுங்க. வீரன்னு போட்டாத்தான் கல்லு வைப்பீங்களா?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பிளெக்ஸைச் சுருட்டினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வாசகம். “1942, 43-ல் சயாம்-பர்மா ரயில் பாதையில் மண் சுமந்து இறந்த நம் ஊரார்.” இவ்வளவுதான். தியாகி, வீரர், அமரர் எதுவும் கிடையாது. நேதாஜி படை என்று சொன்ன குடும்பத்தோடு நான்கு தடவை உட்கார்ந்து பேசினோம். கடைசியில், படத்துக்குக் கீழே வீட்டில் என்ன எழுதியிருக்கிறார்களோ அது அவர்கள் விருப்பம், கல்லில் எல்லாரையும் போல்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

பெயர்கள். 1914-19 யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் பதித்துவிட்டுப் போன கல் தமிழ்நாட்டில் சில ஊர்களில் இருக்கிறது. அதில் எண் இருக்கும், பெயர் இருக்காது. அப்படி ஆகக்கூடாது என்பதில் ஏழு பேரும் ஒரே கட்சி. எழுத்தில் ஆதாரம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் உறவில்லாத இரண்டு வீடுகள் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். யார் பெயர் முதலில் என்ற சண்டை வராமலிருக்க அகர வரிசை. ஒரு பெண்ணின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புருஷனோடு அவரும் போய் இறந்தது உறுதி. ‘இன்னாரின் மனைவி’ என்று வெட்டிவிட்டு, அந்த வரியில் பெயர் அளவுக்கு இடம் விட்டோம்.

உபயதாரர் பெயர் கல்லில் வராது என்றதும் பாதி நன்கொடை நின்றுபோனது. டியூப் லைட்டில் வெளிச்சத்தைவிட உபயம் பெரிதாக இருக்கும் ஊர், வேறென்ன எதிர்பார்ப்பது. மிச்சத்தைக் கைக்காசு போட்டோம்.

இடம். இதுதான் அதிக நாள் இழுத்தது. மேலத் தெருவில் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் வைக்கலாம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று முதலில் யோசனை. தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெண், “அங்க நின்னு நாங்க பேர் படிக்கலாமா?” என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. அடுத்து குளத்தங்கரைப் புறம்போக்கு. அந்தச் சமயத்தில் எங்களில் மூவர் தஞ்சாவூர் விளாரில் உள்ள முள்ளிவாய்க்கால் முற்றத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2013 நவம்பரில் திறந்த சில நாளிலேயே இடத் தகராறில் அதன் சுற்றுச்சுவரை இடித்தது அவர்கள் மனதில் நின்றது. கல்லைவிட அதன் கீழே இருக்கும் பட்டாதான் முக்கியம் என்று வந்து சொன்னார்கள். கடைசியில் தகரப்பெட்டிக்காரர் வீட்டார் சாலையோரம் இருந்த தங்கள் மனையில் ஒரு சென்ட் கொடுத்தார்கள். பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம்.

நாள். தேதி தெரியாமல் இறந்தவர்களுக்கு மகாளய அமாவாசை என்று ஒரு வழி இருக்கிறது, அதையே வைத்தோம். 14 பேரில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர் என்பது அப்புறம்தான் உறைத்தது. இதற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டும். பாதை இணைந்த அக்டோபர் 17 என்று மாற்றினோம்.

கொரோனாவில் இரண்டு வருஷம் போனது. தகவல் சொன்னவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமானார்கள்.

திறப்பு

2022 அக்டோபர் 17, திங்கட்கிழமை. ஐப்பசி பிறப்பை ஒட்டிய நாள். குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்கும் நேரம். எதிர்பார்த்தது இருநூறு பேர், வந்தது நாற்பதுக்கும் கீழே. மேடை, மாலை, பேச்சு கிடையாது. ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று சத்தமாகப் படித்தது. நாகூர் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண் தன் பாட்டனார் பெயர் படிக்கும்போது முந்தானையால் கல்லைத் துடைத்தார், புதுக் கல், துடைக்க எதுவும் இல்லை. பெட்டிக்கார அம்மாவை நாற்காலியில் தூக்கி வந்தார்கள். தகப்பனார் பெயரைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிழை

கல்லின் படத்தைப் பையன்கள் வாட்ஸாப்பில் போட்டார்கள். அது சுற்றிச் சுற்றி மலேசியா போனது. 2023 ஜனவரியில் பேராக் மாநிலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை அழைத்தார். கல்லில் இருக்கும் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் தன் தாத்தாவுடையவை என்றார். தாத்தா சயாமில் சாகவில்லை. கால் புண்ணோடு தாய்லாந்து முகாமில் கிடந்து, 1946 நடுவில், அதாவது நம் கடிதம் எழுதி ஆறு மாதம் கழித்து மலாயா திரும்பியிருக்கிறார். வேறு தோட்டம், வேறு குடும்பம். 1979-ல் இறந்தார். தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையின் (மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது) நகலை அனுப்பினார், ஒரு புகைப்படமும். ஊருக்கு ஏன் எழுதவில்லை என்று அவர்களுக்கும் தெரியாது, பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம்.

பெட்டிக்காரர் வீட்டு மனிதர்தான் அவர். எங்கள் நோட்டில் ‘எழுத்து ஆதாரம் உண்டு’ என்று முதலில் குறித்த பெயர்.

கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ‘எங்களோடு திரும்பி வரவில்லை’ என்றுதான் இருக்கிறது. இறந்தார் என்ற சொல்லே அதில் இல்லை. ஏழு பேரும் படித்தோம், எங்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். 1946-ல் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் காதால் கேட்டுப் புரிந்துகொண்டதை நாங்கள் கண்ணால் படித்தும் தவறவிட்டோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வாய்மொழியில் வந்த 13 பெயர்களுக்கு இரண்டு வீடு கேட்டோம், காகிதம் இருந்த ஒன்றுக்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

பெட்டிக்கார அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் பிளவு. எண்பத்தைந்து வயதில், தகப்பன் இன்னொரு குடும்பத்தோடு முப்பத்து மூன்று வருஷம் இருந்தான் என்று போய்ச் சொல்வது எதற்கு என்றார்கள் சிலர். அவர் தந்த இடத்தில் பொய்யான பெயரை நிற்க வைத்துக்கொண்டு வருஷா வருஷம் படிப்பது அதைவிட மோசம் என்று நான் சொன்னேன். முதலில் மகனிடம் சொன்னோம், சொல்லலாம் என்றார். பிறகு மூன்று பேர் மட்டும் போனோம்.

புகைப்படத்தை ரொம்ப நேரம் வைத்திருந்தார். அழுவார் என்று நினைத்தேன். வருஷத்தைத்தான் திருப்பிக் கேட்டார். எழுபத்தொன்பது என்றேன். “எங்கம்மா எழுபத்திநாலு. அப்ப நான் பூ வச்சு அனுப்பினது சரிதான்” என்றார். அப்புறம், “கல்லுலேர்ந்து பேர எடுத்துடுங்க” என்றார். இடம் தொடர்ந்து இருக்கட்டும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றும் சொன்னார்.

கல் தச்சர் வந்து அந்த ஒரு வரியைக் கொத்தி எடுத்தார். கருங்கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது, ஆழமாகக் கொத்தி வழவழப்பாக்கத்தான் முடியும். அந்த இடத்தில் இப்போது ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது.

தொடர்ந்து நடந்தவை

பேராக் ஆசிரியை மூலம் இன்னொன்றும் வந்தது. அதே தோட்டத்து முதியவர் ஒருவருக்கு, நாங்கள் பெயர் தெரியாமல் இடம் விட்டிருந்த பெண்ணின் பெயர் தெரிந்திருந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டாவது ஆள் ஒருவர் அதையே சொல்லும்வரை எட்டு மாதம் காத்திருந்து, 2023 அக்டோபருக்கு முன்பு வெட்டினோம். அதே வருஷம் மே மாதம் காஞ்சனபுரியிலும் தமிழர்களுக்கு ஒரு நடுகல் வைத்தார்கள் என்ற செய்தி வந்தபோது, நேதாஜி படை என்று சொன்ன குடும்பத்துப் பேரன் அந்தச் செய்தித்தாளை நூலகத்துக்கு எடுத்து வந்து காட்டினார். மண் சுமந்தவர்கள் என்று அதில் போட்டிருந்த பத்தியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அவர் வேறெதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுபடி செய்தால்

பெயர்களை முதல் மூன்று வருஷம் கல்லில் வெட்ட மாட்டோம். பெயின்டில் எழுதி வைத்து, படத்தை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பி, பதில் வரக் காத்திருப்போம். வாட்ஸாப்பில் போட்டதைத் திறப்புக்கு முன்பே போட்டிருந்தால் இந்தப் பள்ளம் இருந்திருக்காது. காகிதத்துக்கும் இரண்டு வீடு விதிதான்.

கூட்டத்தை முதலில் தெற்குத் தெருவில் போடுவோம். நாங்கள் எட்டு மாதம் இடம் தேடி அலைந்தது, யாருடைய செத்தவர்கள் இவர்கள் என்று கேட்காமல் ஊர்ப் பொது என்று தொடங்கியதால் வந்தது.

அக்டோபர் 17-ஐ மாற்றுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நடவு நேரம் என்பதால் ஆள் சேர்வதில்லை. 2024-ல் பெயர் படிப்பதைக் காலை ஏழு மணிக்கு, வயலுக்குப் போகும் வழியில் வைத்தோம். கையில் களைக்கொட்டோடு அறுபது பேர் நின்றார்கள்.

கடிதத்தை நூலகத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். அந்த அம்மா திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நூலகச் சுவரில் இப்போது இருப்பது ஜெராக்ஸ்.